மிச்சம் எழுபத்தொரு நிமிடம்

நான் இங்கிலாந்தில் உதைபந்தாட்டம் விளையாடியவன். இந்த வசனத்தை ரொறன்ரோவில் எத்தனையோ பிறந்தநாள் விழாக்களிலும் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடுகளிலும் சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இங்கிலாந்து உண்மை. உதைபந்தாட்டம் உண்மை. நான் என்பதும் உண்மைதான். சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. எவ்வளவு நேரம் விளையாடினேன் என்பது.

பத்தொன்பது நிமிடம்.

(நடுவர் கூட்டிக் கொடுத்த நேரத்தையும் சேர்த்தால் இருபத்தொன்று வரும் என்று ஒரு காலத்தில் வாதாடியிருக்கிறேன். இப்போது வயது ஐம்பத்திரண்டு. வாதாடுவதில்லை.)

பத்தொன்பது வயதில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தேன். லண்டனிலிருந்து வடக்கே ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன நகரம். அங்கே ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கார் கழுவும் இடத்துக்குப் பின்னால் ஒரு பழைய பந்தைத் தட்டிக்கொண்டு நிற்பேன். தினமும் பேக்கரிப் பாண் ஏற்றிய ஒரு வான் அங்கே டீசல் அடிக்க வரும். அதன் சாரதியின் பெயர் ரோய். வழுக்கைத் தலை, சிவந்த முகம், நடக்கும்போது வள்ளம்போல இரண்டு பக்கமும் ஆடுவார். ஒருநாள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "சனிக்கிழமை உனக்கு வேலையா?" என்று கேட்டார். வேலைதான். "இல்லை" என்றேன்.

ரோய் வாரநாட்களில் பாண் கொண்டு போகிறவர். சனிக்கிழமைகளில் அந்த நகரக் கழகத்தின் மனேஜர். அதற்கு முன் பதினொரு வருடம் நாலாம் பிரிவில் ஏழு கழகங்களுக்கு விளையாடியவர். அவருடைய இரண்டு முழங்கால்களும் இரண்டு வெவ்வேறு கழகங்களில் போனவை. எந்த முழங்கால் எந்த ஊரில் போனது என்று கேட்டால், இரண்டு பியர் முடியும்வரை சொல்லுவார்.

நாலாம் பிரிவு என்றதும் குறைவாக நினைக்கவேண்டாம். அது சம்பளம் கொடுத்து ஆட்களை விளையாட வைக்கும் இடம். தொலைக்காட்சியில் நீங்கள் பார்ப்பது இங்கிலாந்து உதைபந்தாட்டத்தின் மேல்மாடி. ரோய் விளையாடியது தரைத்தளம். ரோய் மனேஜராக இருந்த எங்கள் கழகம் நிலக்கீழ் அறைக்கும் கீழே, தண்ணீர்க் குழாய்கள் போகிற இடத்தில் இருந்தது. மைதானம் ஒரு பக்கம் சரிந்திருக்கும். நல்ல நாளில் எழுபது பேரும் இரண்டு நாய்களும் பார்க்க வருவார்கள். மழை நாளில் நாய்கள் வருவதில்லை.

ஆனாலும் அந்தச் சிவப்பு ஜேர்சியை முதல் நாள் போட்டபோது என் நெஞ்சு அடித்த அடி இன்னும் நினைவிருக்கிறது. போட்டேன். போட்டுக்கொண்டு மாற்று ஆட்டக்காரருக்கான வாங்கில் உட்கார்ந்தேன். இரண்டு சீசன் உட்கார்ந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் மற்ச் முடிந்ததும் ரோய் என் தோளில் கையை வைத்து, "நெக்ஸ்ட் வீக், சன்" என்பார். நானும் நம்பி, அடுத்த சனிக்கிழமைக்கு லீவு எடுக்கப் பெற்றோல் நிலைய முதலாளிக்குப் புதுப் பொய் ஒன்று தயாரிப்பேன். இந்தப் பொய்களில் என் சொந்தக்காரர் பலர் இறந்து போனார்கள். சிலர் இரண்டு தடவை.

ரோயிடம் ஒரு பழக்கம் இருந்தது. மைதானத்தின் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே நிற்பார். உள்ளே யாருடைய காலுக்குப் பந்து போனாலும் அவருடைய வலது கால் தன்பாட்டில் லேசாக எழும்பும். பந்தை அடிக்கிற மாதிரி ஒரு சின்ன உதறல். வாங்கில் இருந்த நாங்கள் அதைப் பார்த்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரிப்போம். இருபது வயதில் அது பகிடியாகத்தான் இருந்தது.

இரண்டாவது சீசனின் கடைசி மற்சில், எழுபத்தோராவது நிமிடத்தில், ரோய் திரும்பி என்னைப் பார்த்தார். நான் எனக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். சுவர் இருந்தது.

அந்தப் பத்தொன்பது நிமிடத்தில் நாலு தரம் பந்தைத் தொட்டேன். (அதில் ஒன்று வெளியே போன பந்தைக் கையால் எடுத்து எறிந்தது. அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று எனக்கே சந்தேகம்.) தோற்றோம். ரோய் வழக்கம்போலத் தோளில் கை வைத்தார். ஆனால் இந்தமுறை, "அடுத்த சீசன் நீ தொடக்கத்திலிருந்தே" என்றார். தொண்ணூறு நிமிடமும்.

அந்தக் கோடையில் எனக்குக் கனடாவில் கலியாணம் பொருந்தியது. வதனியின் படத்தைப் பார்த்த பிறகு எனக்கு மறுக்கத் தெரியவில்லை. ரோயிடம் சொன்னபோது, "கனடாவில் பனியில் விளையாடுவார்களோ?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. பார்க்டேலில் வதனியின் அண்ணன் வீட்டில் ஜனவரி மாதம் வந்து இறங்கி, ஜன்னலால் வெளியே பார்த்தேன். விளங்கியது.

பிறகு வாழ்க்கை நடந்தது. பார்க்டேலை விட்டு மில்லிக்கனில் வீடு. பல் வைத்தியர்களுக்குச் சாமான் கொண்டு போகும் வான் ஓட்டுகிற வேலை. ஒரு மகள், ஆரணி. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சனிக்கிழமை காலை பத்து மணியானால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். இங்கே பத்து என்றால் அங்கே பின்னேரம் மூன்று. அந்த நகரத்தில் மற்ச் தொடங்குகிற நேரம். பிளாசாவில் மரக்கறி தெரிவு செய்துகொண்டு நிற்பேன். கையில் கத்தரிக்காய் இருக்கும். கால் மட்டும் வேறெங்கோ நிற்கும். ஒஷாவாவுக்கு வான் ஓட்டிப் போகும்போது நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் யாருமில்லாத உதைபந்தாட்ட மைதானம் ஒன்று வரும். ஒவ்வொரு தடவையும் அதில் நான் எங்கே நிற்பேன் என்று ஒரு இடம் பார்த்து வைப்பேன். இடது பக்கம், நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னே. இருபத்துநாலு வருடமாக அந்த இடத்தில் யாரும் வந்து நின்றதாகத் தெரியவில்லை.

தொண்ணூறில் பத்தொன்பது போனால் எழுபத்தொன்று. அந்த எழுபத்தொரு நிமிடமும் எங்கேயோ எனக்காகக் காத்திருக்கிறது என்று உண்மையாகவே நம்பினேன்.

இப்போது சிவநேசன் அண்ணைக்கு வருவோம். எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் ரொறன்ரோக் கிளைக்கு அவர் செயலாளர். தொழில் வீடு விற்பது. இல்லாத அறையையும் இருப்பதாக நடந்து காட்டக் கூடியவர். ஒரு பிறந்தநாள் விழாவில் என் மேசையில் அவர் வந்து உட்கார்ந்தபோது, "நான் இங்கிலாந்தில கொஞ்சம் விளையாடினனான் அண்ணை" என்றேன். அவ்வளவுதான். அந்த மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகும்போது 'கொஞ்சம்' விழுந்துவிட்டது. கேக் வெட்டும்போது நான் நாலாம் பிரிவில் விளையாடியிருந்தேன். ஐஸ்கிறீம் வரும்போது இரண்டாம் பிரிவு. வீட்டுக்குப் போக எழும்பியபோது முன்பின் தெரியாத ஒருவர் என் முழங்காலைப் பார்த்து, "உந்தக் காயம் மட்டும் வராட்டி எங்கேயோ போயிருப்பியள், என்ன?" என்றார்.

என் முழங்காலில் காயம் இல்லை. "ஓம்" என்றேன்.

காரில் வதனி, "ஆர் உங்களுக்குக் காயம் எண்டு சொன்னது?" என்று கேட்டாள். உண்மைக் கணக்குத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

"அவையளாச் சொல்லுகினம். நான் என்ன செய்யிறது?"

"இல்லை எண்டு சொல்லலாம்தானே?"

சொல்லியிருக்கலாம்தான்.

ஆறு வருடங்களுக்கு முன்னர், எனக்கு நாற்பத்தாறு வயதாக இருக்கும்போது, சிவநேசன் அண்ணை தொலைபேசியில் அழைத்தார். "பெடியளுக்கு மனேஜர் இல்லை. இங்கிலாந்தில விளையாடின ஆள் எங்களிட்ட இருக்கேக்கை வேற ஆளைத் தேடுறதோ?" மறுப்பதற்கு எனக்கு மூன்று செக்கன் இருந்தது. அந்த மூன்று செக்கனையும் மகிழ்ச்சியாக இருந்தே கழித்துவிட்டேன்.

மனேஜராக நான் செய்தவை: முழங்கால்வரை வரும் ஒரு நீளக் கோட்டு வாங்கினேன். (ரோய் போட்டிருந்த மாதிரி. ரோய் நின்றது இங்கிலாந்துக் குளிரில். நான் நின்றது ஸ்காபரோவின் ஜூன் மாதத்தில்.) ஒரு குறிப்புப் புத்தகம் வாங்கி, அதில் வட்டமும் அம்புக்குறியும் போட்டேன். "இடத்தைப் பாருங்கோ, பந்தைப் பார்க்காதேங்கோ" என்று கத்தினேன். இதற்கு என்ன பொருள் என்று அணித்தலைவன் நிரோ ஒருநாள் கேட்டான். எனக்கும் தெரியாது. ரோய் கத்துவது அது.

நிரோ கனடாவில் பிறந்தவன். மின்சார வேலை செய்கிறவன். பொறுமையான பிள்ளை. நான் பத்து நிமிடம் அம்புக்குறி போட்டு விளக்கியதைக் கேட்டு, "ஓகே கோச் அண்ணை, காட் இட்" என்று சொல்லிவிட்டு, மற்றவர்களைக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் வேறு ஏதோ சொல்லுவான். பிறகு வெல்லுவோம். இப்படியே அந்தக் கோடையில் எல்லோரையும் வென்று, ஓகஸ்ட் மாதச் சுற்றுப்போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். கழகம் ஒன்பது வருடமாக அங்கே வந்ததில்லை. பெருமை முழுவதும் எனக்கு. சாமான் வாங்கப் போனால் ஆட்கள் வந்து கை கொடுத்தார்கள். நானும் கோட்டோடு போகத் தொடங்கினேன்.

வெல்ல வெல்ல எனக்குள் வேறொன்று நடந்தது. வெள்ளைக்கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கும்போது என் வலது கால் எழும்பத் தொடங்கியது. முதலில் நான் கவனிக்கவில்லை. வாங்கில் இருந்த பெடியள் இடித்துக்கொண்டு சிரித்ததைக் கண்டபிறகுதான் குனிந்து பார்த்தேன்.

இறுதி ஆட்டத்துக்குப் பதினெட்டுப் பேரின் பெயர் கொடுக்கவேண்டும். எங்களிடம் பதினேழு பேர். பதினெட்டாவது வரி வெறுமையாக இருந்தது. காலைச் சாப்பாட்டு மேசையில் இருந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வதனி குளியலறையிலிருந்து வருவதற்குள் என் பெயரை எழுதி மடித்துவிட்டேன். இருபதாம் இலக்க ஜேர்சி மிச்சமிருந்தது. அதைப் போட்டு, அரைக் காற்சட்டை போட்டு, கால்தகடு கட்டி, நீளக் காலுறையும் இழுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலே முழுக் காற்சட்டையும் கோட்டும் போட்டுக்கொண்டேன். வெளியே முப்பத்திரண்டு பாகை வெயில்.

"ஏன் உப்பிடி வேர்க்குது உங்களுக்கு?" என்று கேட்டாள் வதனி.

"பதட்டம்."

அன்றைக்கு ஆரணியும் வந்தாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. உதைபந்தாட்டத்தில் ஒரு துளி அக்கறையும் இல்லை. நான் மூன்று நாள் கெஞ்சி, நாலாம் நாள் வதனி கட்டளையிட்டு, கைத்தொலைபேசியும் மடக்குக் கதிரையுமாக வந்திருந்தாள். அவள் பிறந்ததிலிருந்து நான் விளையாடிக் கண்டதில்லை. அவளுக்குத் தெரிந்த அப்பா வான் ஓட்டுகிறவர், கேபிள் பெட்டியோடு சண்டை பிடிக்கிறவர், சோபாவில் வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொள்கிறவர். ஒருமுறை, ஒரே ஒருமுறை, காலில் பந்தோடு அவள் என்னைப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான் ஆசை. கிண்ணத்தைவிட எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது. இதை அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

ஸ்டீல்ஸ் வீதிக்குப் பக்கத்து மைதானம். கூடாரங்கள், கொத்துரொட்டி அடிக்கிற சத்தம், ஒலிபெருக்கியில் சிவநேசன் அண்ணை. அவர்தான் அன்றைய அறிவிப்பாளர். இருபத்தோராவது நிமிடத்தில் நிரோ தலையால் அடித்து ஒரு கோல் போட்டான். ஒன்றுக்குப் பூச்சியம். இடைவேளையில் நான் ஏதோ சொன்னேன். நிரோ, "காட் இட்" என்றான்.

முடிய இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கும்போது எங்கள் சுரேனுக்குக் கால் பிடித்துக்கொண்டது. அவன் புல்லில் உட்கார, இரண்டு பேர் ஓடிவந்து காலை இழுத்துவிட்டார்கள். அதே நேரம் அந்தப் பக்கத்தில் ஆரணி கதிரையை விட்டு எழும்பினாள். கொத்துரொட்டி வாங்கப் போகிறாள் என்று பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: போகப் போகிறாள். இப்போது இல்லாவிட்டால் இனி இல்லை.

கோட்டைக் கழற்றி எறிந்தேன். முழுக் காற்சட்டையை இழுத்தேன். அது பூட்ஸின் அடிக்கட்டைகளில் மாட்டிக்கொண்டது. ஒற்றைக் காலில் துள்ளித் துள்ளி வெள்ளைக்கோட்டோரம் ஒரு சுற்றுப் போனேன். அதைச் சிவநேசன் அண்ணை கண்டுவிட்டார்.

"அன்பான ரசிகப் பெருமக்களே!" என்று ஒலிபெருக்கி முழங்கியது. "இதோ, இங்கிலாந்து மண்ணில் தடம் பதித்த எங்கள் மனேஜர் அவர்களே களத்தில் இறங்குகிறார்! ஒரு பெரிய கைதட்டல் கொடுங்கோ!"

சனம் கைதட்டியது. கொத்து அடிக்கிறவரும் இரும்புத் தகட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். நான் சுரேனைப் பார்த்து, வெளியே வா என்று கையை ஆட்டினேன். சுரேன் என்னைப் பார்த்துச் சிரித்து, திரும்பக் கையை ஆட்டினான்.

மாற்று ஆட்டக்காரர் நடுக்கோட்டில் நின்று, ஒருவர் வெளியே வந்தபிறகு, நடுவர் தலையாட்டினால்தான் உள்ளே போகலாம். இது எனக்குத் தெரியும். இரண்டு சீசன் வாங்கில் இருந்தவனுக்கு இதைவிட வேறென்ன தெரியும்? ஆனால் நடுவர் மற்றப் பக்கக் கோலடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சனம் கைதட்டிக்கொண்டிருந்தது. என் கால்கள் இருபத்துநாலு வருடமாக நின்ற இடத்தைவிட்டு ஓடிவிட்டன.

சுரேன் வெளியே போகவில்லை. கால் சரியாகி எழும்பி, தன் இடத்துக்கு நடந்து போய்விட்டான். எங்கள் ஆட்கள் எல்லோரும் வேறு யாரோ வெளியே போய்விட்டதாக நினைத்தார்கள். நானும்தான்.

முதல் ஐந்து நிமிடம் பந்து என் பக்கம் வரவில்லை. வராதது நல்லது. எனக்கு மூச்சும் வரவில்லை. பந்து போன இடத்துக்கு நான் போய்ச் சேரும்போது அது வேறொரு இடத்துக்குப் போயிருக்கும். எதிரணிப் பெடியன் ஒருவன், "அங்கிள், ஆர் யூ ஓகே?" என்று கேட்டான். காற்றை வாயால் இழுத்துக்கொண்டு கட்டைவிரலைக் காட்டினேன்.

ஆறாவது நிமிடமோ ஏழாவது நிமிடமோ தெரியாது. நான் இடது பக்கம், நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னே நின்றேன். பந்து வந்தது. நான் ஓடவில்லை, அது தானாக வந்தது. பார்க்காமலே தெரிந்தது, நிரோ வலது பக்கத்தால் ஓடத் தொடங்கிவிட்டான் என்று. என் இடது கால் நடப்பதற்கு மட்டும் உதவுகிற கால். அன்றைக்கு அதன் வெளிப்பக்கத்தால் பந்தைத் தட்டினேன். பந்து இரண்டு பேருக்கு நடுவால் வளைந்து போய், நிரோவின் காலடியில், வைத்த மாதிரி நின்றது. அவன் ஒரு அடி எடுத்து வைத்து அடித்தான்.

கோல்.

அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கும். ஒலிபெருக்கியில், "இரண்டுக்குப் பூச்சியம்! இங்கிலாந்துப் பாஸ்! இங்கிலாந்துப் பாஸ்!" நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஆரணி இருந்த பக்கம் ஓடினேன். அவள் கதிரைக்கு மேலே ஏறி நின்றாள்! என் மகள்! கத்தினாள்! கையை உயர்த்திப் பத்து விரலைக் காட்டி, பிறகு இரண்டு விரலைக் காட்டினாள். மறுபடியும் பத்து, இரண்டு.

என் ஜேர்சி இலக்கத்தைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிள்ளை ஆர்வத்தில் பிழையாகச் சொல்கிறது. திரும்பி நின்று முதுகைக் காட்டினேன். பிறகு அவளைப் பார்த்துப் பத்து விரல், மறுபடியும் பத்து விரல் காட்டினேன். இருபது!

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

பின்னால் விசில். நடுவர் பக்கத்து நகரத்திலிருந்து வந்தவர், தமிழ் தெரியாதவர். சுற்றுலா கூட்டிப்போன ரீச்சர் பிள்ளைகளை எண்ணுவதுபோல எங்களை விரலால் சுட்டிச் சுட்டி எண்ணினார். ஒருமுறை எண்ணி, நம்பாமல் மறுபடியும் எண்ணினார். ஒலிபெருக்கியை நிறுத்த மறந்த சிவநேசன் அண்ணையும் எண்ணினார். "...ஒன்பது, பத்து, பதினொண்டு... பொறுங்கோ... அட, நாசமாய்ப் போச்சு!" மில்லிக்கன் முழுவதற்கும் அது கேட்டிருக்கும்.

நடுவர் எங்களைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்: "இதில் கூடுதலான ஆள் யார்?"

பதினொரு பேரும் ஒரே நேரத்தில் என்னைச் சுட்டிக்காட்டினார்கள். இவ்வளவு ஒற்றுமையைக் கொண்டுவர அந்தக் கோடை முழுவதும் பயிற்சியில் பாடுபட்டிருக்கிறேன்.

எனக்கு மஞ்சள் அட்டை. கோல் செல்லாது. நான் நின்ற இடத்திலிருந்து எதிரணிக்கு ஒரு தண்ட உதை. எங்கள் பெடியள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டு நிற்க, அவர்கள் அதைச் சட்டென்று எடுத்துக்கொண்டு போய்க் கோல் போட்டுவிட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று. முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது இன்னொன்று. நான் கோட்டைத் தேடி எடுத்து, ஜேர்சிக்கு மேலே மறுபடியும் போட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போதுதான் உண்மையாக வேர்த்தது.

சிவநேசன் அண்ணை நேராக வந்தார். ஒரே ஒரு கேள்வி. "ஏன் தம்பி, இங்கிலாந்தில பன்னிரண்டு பேரோ விளையாடுறவை?"

நான் பெடியளிடம் போனேன். கூடாரத்தின் நிழலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டு இருந்தார்கள். சுரேன்தான் முதலில் தலையை நிமிர்த்தினான். "அண்ணை, நீங்கள் கையாட்டினது 'நல்லா விளையாடுறாய்' எண்டு சொல்லத்தான் எண்டு நினைச்சன். ஏப்ரிலிலயிருந்து நீங்கள் ஒருக்காலும் அப்பிடிச் சொல்லேல்லை. அதுதான் சந்தோசமாக் கிடந்தது."

அந்த இடத்தில் நான் உடைந்துபோனேன். புல்லில் அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர்க் குழாய்க் கழகம், வாங்கு, பத்தொன்பது நிமிடம், நாலு தொடுகை, அதில் ஒன்று கையால். முழங்காலில் காயமில்லை என்பதையும் சொன்னேன். "உங்கட கிண்ணத்தை நான் துலைச்சுப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எனக்கு ஒருக்கா விளையாட வேணும்போலக் கிடந்தது."

நிரோ தண்ணீர்ப் போத்தலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். "கோச் அண்ணை, அதெல்லாம் எங்களுக்கு முதலே தெரியும்."

"எப்பிடி?"

"முதல் வீக்கே உங்கட பேரைத் தேடிப் பார்த்தனாங்கள். ஒரு இடத்திலயும் இல்லை. லைக், நத்திங்."

"பிறகேன் என்னை வைச்சிருந்தனீங்கள்?"

அவன் தோளைக் குலுக்கினான். "ஒவ்வொரு பிராக்டிசுக்கும் எங்களுக்கு முதல் வந்து நிப்பியள். மழையெண்டாலும். வேற ஒருத்தரும் அப்பிடி வாறேல்லை." பிறகு சொன்னான்: "ஆனா அந்த பாஸ் இருக்கெல்லோ, கோச் அண்ணை... தட் வாஸ் ரியல்."

ரியல்தான். ஆனால் எந்தக் கணக்கிலும் இல்லை. கோல் செல்லாததால் அந்தப் பாசும் நடக்கவில்லை. என் வாழ்நாளில் நான் மைதானத்தில் செய்த ஒரே நல்ல காரியம், சட்டப்படி நடக்காத காரியம். அன்றைக்கு இதை நினைத்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் பிளாசாவில் சாப்பாடு எடுக்க நிறுத்தினோம். கல்லாவில் இருந்தவர், "எத்தினை பேருக்கு?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் ஆரணியின் குரல் கேட்டது. "மூண்டு பேர். அப்பாவையும் எண்ணினா நாலு."

வதனிதான் முதலில் சிரித்தாள். பார்சல் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது மூன்று பேரும் காரைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தோம்.

அடுத்த வருடத்திலிருந்து சுற்றுப்போட்டிப் படிவத்தில் ஒரு புதிய வரி ஏறியது: மனேஜர்கள் ஆட்டக்காரராகப் பதியமுடியாது. அந்த வரிக்கு எல்லாக் கழகங்களிலும் என் பெயர்தான். பெடியள் என்னை விடவில்லை, இன்னும் நான்தான் மனேஜர். பயிற்சிக்கு முதல் ஆளாகப் போகிறேன். அம்புக்குறி போடுவதை நிறுத்திவிட்டேன். "நல்லா விளையாடுறாய்" என்று வாயைத் திறந்து சொல்லப் பழகியிருக்கிறேன்.

வீட்டில் அந்தப் பகிடி ஓய்வதே இல்லை. உணவகத்தில் மேசை கேட்டால், விமானச் சீட்டுப் பதிந்தால், கலியாண வீட்டில் குழுப்படம் எடுத்தால், "அப்பாவை எண்ணினதோ, எண்ணாமலோ?" என்று யாராவது கேட்பார்கள். புதிதாக யார் வீட்டுக்கு வந்தாலும் ஆரணி முழுக் கதையையும் சொல்லுவாள். நான் துள்ளியது, முதுகைக் காட்டியது, இருபது விரல் காட்டியது எல்லாம். அதை அவள் நன்றாகச் சொல்லுவாள். சிவநேசன் அண்ணையின் குரலும் அவளுக்கு வரும்.

போன மாதம் அவள் மயூரனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கலியாணம் செய்ய யோசித்திருக்கும் பெடியன். சாப்பாட்டு மேசையில் கதை தொடங்கியது. நான் வழக்கம்போலத் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நான் உள்ளே ஓடிய இடம் வந்ததும் மயூரன், "அங்கிள் போய் என்ன செய்தவர்?" என்று கேட்டான்.

இந்தக் கேள்வியை இதற்கு முன் யாரும் கேட்டதில்லை. எல்லோரும் பன்னிரண்டைக் கேட்டே சிரித்துவிடுவார்கள்.

ஆரணி கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாள். "பொறு, காட்டுறன். பந்து இப்பிடி வந்தது. அப்பா பார்க்கவே இல்லை. நிரோ அண்ணா அங்க, அந்த ஃப்ரிட்ஜ் பக்கம் ஓடுறார் எண்டு வை." அவள் சமையலறைத் தரையில் இடது பக்கமாக ஒரு அடி எடுத்து வைத்து, இடது காலின் வெளிப்பக்கத்தால், இல்லாத பந்தை மெல்லத் தட்டினாள். தட்டிவிட்டு, அது வளைந்து போகிற வழியைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எந்தக் கால் என்று நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"பிறகு?" என்றான் மயூரன்.

"பிறகென்ன, கோல். கோல் எண்டா அப்பிடி ஒரு கோல்! அதுக்குப் பிறகுதான் நான் எண்ணிப் பார்த்தன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தேன்.